லைன் சரியில்லை

உரும்பிராயில் கனகரத்தினம் மாஸ்ரரின் கேற்றில் 'ஓய்வுபெற்ற அதிபர்' என்று பித்தளைத் தகடு ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. அவர் ஓய்வுபெற்றபோது பிரதி அதிபர். 'பிரதி'யையும் சேர்த்தால் தகடு கேற்றை விட அகலமாகிவிடும் என்று அவரே விளக்கம் சொன்னதாக ஊரில் ஒரு கதை உண்டு. அந்தத் தகட்டைப் பழப்புளி போட்டு மினுக்குவது அவர் மனைவி கேதீஸ்வரியின் வெள்ளிக்கிழமை வேலைகளில் ஒன்று.

கேற்றுக்கு உள்ளே எல்லாம் இருந்தது. நல்ல தண்ணீர்க் கிணறு, காய்க்கிற கறுத்தக்கொழும்பான் மாமரம், வாசலில் பூந்தொட்டிகள், நாற்புறமும் போத்தல் ஓடு பதித்த மதில். இல்லாதது சிக்னல் ஒன்றுதான். கைத்தொலைபேசியில் ஒரு கோடு வேண்டுமென்றால் குசினிக்குப் பின்னால் தேசிமரத்தடிக்குப் போகவேண்டும். இரண்டாவது கோட்டுக்கு ஆசைப்பட்டால் கிணற்றுக்கட்டில் ஏறி நிற்கவேண்டும். இன்ரநெற் பெட்டியைச் சாமியறை யன்னலில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். வீட்டுக்குள் அந்த யன்னலில்தான் ஏதோ கொஞ்சம் எடுபடும். பிள்ளையாருக்கு வைக்கிற செவ்வரத்தம் பூவில் ஒன்றைக் கேதீஸ்வரி பெட்டிக்கும் வைப்பாள். இரண்டும் ஒரே மாதிரித்தான் அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தன. பதில் மட்டும் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரொறன்ரோவிலிருந்து மகன் தேனுஜன் போன் எடுப்பான். போனைப் பிடிப்பது மாஸ்ரர். முதலில் அவருடைய பாடம் நடக்கும். வடக்கு வளவின் எல்லைப் பிரச்சினை, பிள்ளையார் கோயில் கோபுரத்துக்கு அவனுடைய பங்கு, இன்னாரின் மகன் வாங்கிய வீடு, இன்னாரின் மகன் இன்னும் வாங்காத வீடு, கடைசியில் ஒழுக்கம். இவ்வளவு நேரமும் கேதீஸ்வரி அவருக்குப் பின்னால் நிற்பாள். படத்தில் அவளுடைய ஒரு தோளும் ஒரு தோடும் விழும். பிறகு போன் அவள் கைக்கு வரும். வந்த கையோடு மகனின் முகம் சதுரம் சதுரமாக உடையும்.

"அம்மா… விட்டு விட்டு வருது. லைன் சரியில்லை. பிறகு எடுக்கிறன்."

ஒவ்வொரு கிழமையும் இப்படித்தான். கேதீஸ்வரி தான் கேட்க நினைத்தவற்றைச் சுருக்கிச் சுருக்கிக் கடைசியில் ஒரு சொல்லில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். சாப்பிட்டியே? அதுவும் 'சாப்' என்ற இடத்தில் நின்றுவிடும். அவள் லைனைத் திட்டுவாள். மகனைத் திட்ட மனம் வராத தாய்க்கு லைன் நல்ல வசதி என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

இந்தச் சீருக்கு யார் காரணம் என்று கேட்டால் ஒழுங்கை முழுவதும் மாஸ்ரரின் கேற்றைத்தான் காட்டும். சில வருடங்களுக்கு முன்பு ஒரு போன் கொம்பனிக்காரர் இந்தப் பக்கம் ரவர் போட இடம் தேடி வந்தார்கள். அவர்கள் பார்த்துப் பிடித்த இடம் அருளம்பலத்தின் வெங்காயத் தோட்டத்து மூலை. அருளம்பலம் மாஸ்ரரின் சித்தப்பாவின் மகன். முன் வளவு அவருக்கு, பின் வளவு மாஸ்ரருக்கு. இரண்டுக்கும் நடுவில் முன்பு கிடுகு வேலி இருந்தது. அந்த வேலி ஒவ்வொரு வருடமும் அடைக்கும்போது தன் பக்கம் ஒரு சாண் நகர்ந்து வருகிறது என்று மாஸ்ரர் சொல்ல, இல்லை, தன் பக்கம்தான் வருகிறது என்று அருளம்பலம் சொல்ல, பேச்சு முறிந்து வேலி மதிலாயிற்று. அப்படிப்பட்டவனின் தோட்டத்தில் ஒரு ரவர் எழும்பி, அதற்கு மாதாமாதம் கொம்பனி வாடகையும் கொடுக்கிறதை மாஸ்ரர் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்?

அவர் ஊரைக் கூட்டினார். கதிர்வீச்சு என்றார், குருவிகள் என்றார், கர்ப்பிணிகள் என்றார். ஒன்றும் எடுபடாததைக் கண்டு கடைசியில் பிள்ளையாரைப் பிடித்தார். கோயில் கோபுரத்தை விட உயரமாக ஊரில் எதுவும் நிற்கக்கூடாது, அது தெய்வநிந்தனை. சனம் அடங்கிவிட்டது. ரவர் பக்கத்து ஊருக்குப் போயிற்று. கோயிலில் அப்போது கோபுரம் இருக்கவில்லை. வெளிநாட்டுக் காசு சேர்ந்ததும் கட்டுவதாக இருந்தார்கள். இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறார்கள். கட்டாத கோபுரம் ஒன்றின் உயரத்துக்குப் பணிந்து அந்த ஒழுங்கை தேசிமரத்தடிகளில் கூடி நின்று போன் கதைத்தது.

இந்த ஆவணியில் தேனுஜனுக்குக் கல்யாணம் ஒழுங்காயிற்று. பெண் நிவேதனா. தாய் தகப்பனுக்குக் கொக்குவில், பிள்ளை பிறந்து வளர்ந்தது ரொறன்ரோவில். விசாவுக்கு மகன் அனுப்பவேண்டிய அழைப்புக் கடிதம் நேரத்துக்கு வந்துசேரவில்லை. பல தரம் மெயிலில் போட்டானாம், இங்கத்தை லைனுக்கு இறங்கவில்லையாம். ஊருக்கு மாஸ்ரர் வேறு விதமாகச் சொன்னார்: அந்தக் குளிருக்குள் யார் போவது? ஆவணியில் அங்கேயும் வெயில் என்பது ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரியும். அவரவர் பிள்ளைகளும் அங்கேதானே.

கேதீஸ்வரி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். தாலி கட்டுகிறதுக்கு முன்னம் தன் கையால் பிள்ளைக்கு அறுகரிசி போடவேண்டும். அறுகம்புல்லும் பச்சரிசியும் மஞ்சளும் கலந்து தலையில் தூவி வாழ்த்துகிற அந்தக் காரியத்துக்குத் தாய் பக்கத்தில் இல்லாவிட்டாலும் படத்திலாவது நிற்கவேண்டும், தூவும்போது அவன் அவளைப் பார்க்கவேண்டும். தேனுஜன் ஓம் என்றான். ஐயர் சொல்கிற நேரம் தன் கூட்டாளி போனைத் தூக்கிப் பிடிப்பான் என்றான்.

மாஸ்ரருக்கு அது காணாது. மகன் இன்ரநெற்றில் விடப்போகிற கல்யாணத்தை ஊரையே கூப்பிட்டு நேரடியாகக் காட்டத் தீர்மானித்தார். அழைப்பிதழ் அடித்தார், 'நேரலை தரிசனம்' என்று. சந்தியில் கேபிள் கடை வைத்திருக்கும் டினேஸ் சுவரளவு ரிவி ஒன்றைக் கொண்டுவந்து விறாந்தையில் மாட்டினான்.

"மாஸ்ரர், இதுக்கு மேலை வடிவாப் பாக்கிறதெண்டா நீங்கள் மணவறையிலைதான் ஏறி இருக்கவேணும்" என்றான்.

சின்ன ரிவியில் மங்கலாகத் தெரிந்தது பெரிய ரிவியில் பெரிதாக மங்கலாகத் தெரிந்தது. செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு இரண்டு மூக்கு. டினேஸ் ஒரு அன்ரெனாவை விற்றான். அது சரிவராததற்குப் பூஸ்ரர் என்று ஒன்றை விற்றான். அன்ரெனாவை நீளக் குழாயில் கட்டித் தென்னையோடு சேர்த்து நிறுத்தினான். சோளகக் காற்று அதை விடிய ஒரு பக்கமும் பின்னேரம் ஒரு பக்கமும் திருப்பியது. மடப்பள்ளிக் கூரையை விட அது உயரமாக நிற்கிறதே என்று யாரோ கேட்டதற்கு, அது தனிப்பட்ட பயன்பாடு என்றார் மாஸ்ரர்.

விற்பதற்கு வேறு ஒன்றும் இல்லை என்றானதும் டினேஸுக்கு உண்மை சொல்ல மனம் வந்தது. பெரிய றோட்டு வழியாகப் பைபர் லைன் வந்து அருளம்பலத்தாரின் வீடு வரை இழுத்தாயிற்று. அந்த வளவுக்கு மேலால் ஒரு வயர் கொண்டுவந்தால் மாஸ்ரர் வீட்டில் படம் கண்ணாடி மாதிரி நிற்கும். அருளம்பலத்தாரிடம் தான் கேட்டும் பார்த்தானாம். 'அண்ணை வந்து வாயாலை ஒருக்காக் கேக்கட்டும், அடுத்த நிமிசம் இழுங்கோ' என்றாராம்.

அன்றிரவு சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்துவிட்டுக் கேதீஸ்வரி கதையைத் தொடங்கினாள்.

"இஞ்சாருங்கோ, ஒருக்காப் போய்க் கேட்டா என்ன?"

"ஆரிட்டை? உவன் வெங்காயக்காரனிட்டையோ?"

"உங்கடை சித்தப்பான்ரை மோன்தானே."

"அதாலைதான் கேக்கேலாது. பிறத்தியான் எண்டாக் கேட்டிருப்பன்."

"பிள்ளைக்கு அறுகரிசி போடவேணும்."

"போடலாம். டினேஸ் இன்னொரு சிம் கொண்டாறான்."

அவள் முருங்கைக்காய்க் குழம்பை இன்னொரு கரண்டி விட்டாள். இந்த மனிசனோடு வாழ்ந்த காலத்தில் அவள் கண்டுபிடித்த ஒரே பதில் குழம்பு.

கல்யாண நாள் வந்தது. அங்கே காலை முகூர்த்தம், இங்கே விளக்கு வைக்கிற நேரம். கேதீஸ்வரி முதல் நாளே பயற்றம்பணியாரம் சுட்டு அடுக்கி, அன்றைக்கு விடிய உழுந்து அரைத்து, வடைக்கும் பாயசத்துக்கும் அடுப்பை விட்டு எழும்பாமல் நின்றாள். பின்னேரம் கிணற்றடியில் தலைக்கு வார்த்துவிட்டு, மகன் அனுப்பிய அரக்குப் பட்டை உடுத்தாள். அறுகம்புல்லைத் தானே வயல்கரையில் கிள்ளி வந்திருந்தாள். அரிசியோடு கலந்து வெள்ளித் தட்டில் வைத்து, காற்றுக்குப் பறக்காமல் ஒரு வெற்றிலையால் மூடினாள். செம்பாட்டுப் புழுதியைச் சோளகம் அள்ளி வந்து வாசல் கோலத்தில் போட்டது. சனம் அதை மிதித்துக்கொண்டு வந்து வாடகைக் கதிரைகளில் இருந்தது. முன் வளவுக்காரருக்கு மட்டும் அழைப்பில்லை.

மாஸ்ரர் வேட்டி சால்வையோடு ரிவிக்கு முன்னால் நின்று உரை நிகழ்த்தினார். நவீன விஞ்ஞானம் உலகத்தை ஒரு கிராமமாக மாற்றியிருக்கிறது என்ற இடத்தில் அவருக்குப் பின்னால் படம் நின்று, நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

"கிராமம் எண்டது சரி மாஸ்ரர்" என்றார் பின் வரிசையிலிருந்து ஓய்வுபெற்ற தபாலதிபர் சீவரத்தினம். "எங்கடை கிராமமாப் பாத்து மாத்திப்போட்டினம் போலை."

விளக்கு வைக்கிற நேரமென்றால் ஒழுங்கையில் ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையும் ஒவ்வொரு போனில். இருந்த துளி சிக்னலையும் ஆளாளுக்கு உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். படம் வந்தது. ஐயரின் முகம் வாயைத் திறந்தபடி அசையாமல் நின்றது. அவருக்கு என்ன வருத்தம் என்று ஒரு மனுசி இரக்கத்தோடு கேட்டாள். மறுபடி வட்டம். மாஸ்ரர் விடவில்லை. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு அறிவிப்புச் செய்த அதே குரலில், இப்போது காப்புக் கட்டுகிறார்கள், இப்போது கன்னிகாதானம், என்று சுற்றுகிற வட்டத்துக்கு வர்ணனை சொன்னார். மாப்பிள்ளை எங்கே என்று கேட்டவர்களுக்குத் திரையின் வலது மூலையில் ஒரு மஞ்சள் சதுரத்தைக் காட்டினார். நல்ல வடிவான பொடியன் என்றார் சீவரத்தினம்.

சிரிப்பு விறாந்தையிலிருந்து குசினி வரை வந்தது. குசினிக்குப் பின்னால் கேதீஸ்வரி தட்டை ஒரு கையிலும் போனை மறு கையிலும் பிடித்துக்கொண்டு கிணற்றுக்கட்டில், பட்டுச்சேலையோடு ஏறி நின்றாள். அழைப்புப் போகவில்லை. 'இணைக்கிறது' என்று எழுத்து வந்தது, போயிற்று, வந்தது. தாலிக்கு முன்னம் என்று அவன் சொன்ன நேரம் அந்த எழுத்துக்குள் கரைந்துகொண்டிருந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாதஸ்வரம் கேட்டது. இவர்கள் வீட்டில் விக்கி விக்கி வருகிற அதே நாதஸ்வரம், அங்கே ஒரு விக்கல் இல்லாமல்.

கேதீஸ்வரி கிணற்றுக்கட்டிலிருந்து இறங்கினாள். தட்டைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு பக்கக் கேற்றால் வெளிக்கிட்டாள். ஒழுங்கையைச் சுற்றிப் பெரிய றோட்டுக்கு வந்து, ரவர்க் கதைக்குப் பிறகு அவள் கால் வைக்காத கேற்றைத் திறந்தாள்.

விறாந்தை வளையில் வெங்காயப் பிடிகள் வரிசையாகத் தொங்கின. அருளம்பலத்தின் மனைவி பத்மாவதி நிலத்தில் இருந்து வெங்காயத் தாள் நறுக்கிக்கொண்டே, மேசையில் இருந்த கொம்பியூட்டரில் கல்யாணம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்து கணக்கு வேலை செய்யும் மகள் கஜந்தினிக்காகத்தான் அந்த வீட்டுக்குப் பைபர் வந்தது. அருளம்பலம் இடுப்பில் கட்டிய தோட்டத்துச் சாரத்தோடு கதவு நிலையில் சாய்ந்து நின்றார். அழைக்காத கல்யாணத்தைப் பார்த்துப் பிடிபட்டவர்கள் போல மூன்று பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

"வாங்கோ அக்கா" என்றாள் பத்மாவதி. வெங்காயச் சருகைத் தட்டிவிட்டு ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.

கேதீஸ்வரி திரையைப் பார்த்தாள். ஐயரின் நெற்றியில் வேர்வை தெரிந்தது. தங்களுக்குரிய இடத்தில் யாரோ ஒரு உறவுக்காரரும் அவர் மனுசியும் நிற்பது தெரிந்தது. மகனின் காதோரம் நரைத்திருப்பது தெரிந்தது. கீழ் உதட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தழும்பு. அது எப்போது வந்தது, என்ன நடந்தது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. இவ்வளவு காலமும் சதுரங்களுக்கு அன்பு செய்துகொண்டிருந்தது போல அவளுக்கு இருந்தது.

"பெரியம்மா, நான் எடுத்துத் தாறன்" என்று கஜந்தினி தன் போனை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுபட்டது. யாரோ ஒரு பொடியன், பிறகு மணவறை, பிறகு தேனுஜன்.

"அம்மா?" என்றான். "என்னம்மா, இவ்வளவு கிளியரா நிக்கிறியள்?"

அதில் சந்தோசத்தை விட வேறு ஏதோ இருந்தது. கேதீஸ்வரி அந்த நேரம் அதைப் பார்க்கவில்லை. அறுகரிசியை அள்ளி, அவன் குனிந்த தலை தெரிந்த இடத்தில் தூவினாள். அரிசி போன் கண்ணாடியில் பட்டுத் தெறித்து வெங்காயத் தாளுக்குள் விழுந்தது. மணப்பெண் கை கூப்பி மாமி என்றாள். அவளுக்கும் போட்டாள்.

"சாப்பிட்டியே, அப்பன்?" என்று முழுதாகக் கேட்டாள்.

"இல்லையம்மா, விரதம். ஐயர் கூப்பிடுறார்."

தாலி கட்டுவதைக் கடைசி முடிச்சு வரை பார்த்தாள். பத்மாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேதீஸ்வரியின் தோளில் கை வைத்தாள். அந்தக் கையின் வெங்காய வாசம் அன்றைக்குப் பார்த்த எல்லாவற்றோடும் ஒட்டிக்கொண்டது.

எழும்பும்போது கேதீஸ்வரி அருளம்பலத்திடம் நேரே கேட்டாள். மாஸ்ரர் வரமாட்டார், தான் வந்திருக்கிறாள், அவருக்குப் பதிலாகத் தன் வாய்க்கு அந்த லைனைக் கொடுக்கும்படி.

அருளம்பலம் சாரத்தை அவிழ்த்து மறுபடி கட்டினார். மகளைப் பார்த்தார். மகள் போனைப் பார்த்தாள்.

"மச்சாள், எனக்கு இதிலை ஒரு மறுப்பும் இல்லை. முந்தியே தேனுஜனிட்டைச் சொன்னனான், இழுத்து விடுறன் எண்டு. அவன்தான் வேண்டாமெண்டவன்."

"ஆர்? தம்பியோ?"

"லைன் வந்தா அப்பா ஒவ்வொரு நாளும் எடுத்து வகுப்பு நடத்துவார், உப்பிடியே கிடக்கட்டும் சித்தப்பா எண்டவன். அதாலைதான் அண்ணை வந்து கேக்கட்டும் எண்டு சொல்லி விட்டனான். அவர் வரமாட்டாரெண்டு எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்."

கேதீஸ்வரி தட்டைத் தலைப்பால் மூடினாள். அதில் இனி மூட ஒன்றும் இருக்கவில்லை.

"அது அவரின்ரை கதை. என்னைப் பற்றி என்ன சொன்னவன்?"

அருளம்பலம் நல்ல மனிதர். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டுமென்று உடனே சொன்னார்:

"உங்களைப் பற்றி அவன் ஒண்டுமே சொல்லேல்லை, மச்சாள்."

அவள் திரும்பி வந்தபோது பந்தி முடிந்திருந்தது. வடையும் பாயசமும் நல்லாயிருந்தது என்று சொல்லிச் சனம் கலைந்துகொண்டிருந்தது. படத்தைப் பற்றி மரியாதைக்குக்கூட ஒருவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரிவிக்குக் கீழே அரிசி கிடந்தது. மாஸ்ரர் நேரத்தைக் குத்துமதிப்பாகக் கணக்கிட்டுச் சுற்றுகிற வட்டத்துக்கே அறுகு இல்லாத வெறும் அரிசியால் அறுகரிசி போட்டிருந்தார். இப்போது வெறும் கதிரைகளுக்கு நடுவில் சால்வை மடியில் கிடக்க இருந்தார். அவர் இப்படிக் கூனி இருந்து அவள் பார்த்ததில்லை. அவள் எங்கே போய் வந்தாள் என்றும் அவர் கேட்கவில்லை. குசினியில் நின்றிருப்பாள் என்று நினைத்திருக்கலாம்.

"சீவரத்தினம் சிரிச்சதைப் பாத்தனியே?" என்றார். "கேதீஸ், நான் நாளைக்குப் போறன்."

"எங்கை?"

"அருளம்பலத்திட்டை. போய் வாயாலை கேக்கிறன். எல்லாம் காணும். பிள்ளையின்ரை தாலிகட்டைப் பாக்கேலாமப் போச்சு. இனி ஒவ்வொரு நாளும் அவனோடை வடிவாக் கதைக்கவேணும்."

இந்த ஒரு சொல்லுக்காக அவள் எத்தனை சோற்றுக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் காத்திருந்தாள். இப்போது அது வந்து நின்றபோது அவளுக்குப் பயம் வந்தது. அந்த வயர் மதிலைத் தாண்டி வரும். படம் கண்ணாடி மாதிரி நிற்கும். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் அடிக்காவிட்டால் எதைத் திட்டுவது?

"வேண்டாம்" என்றாள்.

"என்ன வேண்டாம்?"

"அங்கை போய்க் கேக்கவேண்டாம். இந்த லைனே காணும்."

மாஸ்ரர் அவளை அண்ணாந்து பார்த்தார். அவர் கண் மெல்லக் கலங்கியது. அவர் தனக்கு ஏற்ற மாதிரி விளங்கிக்கொண்டார். சால்வையை எடுத்துத் தோளில் போட்டார், முதுகு நிமிர்ந்தது. அடுத்த நாள் சந்தியில், கோயில் வாசலில், டினேஸின் கடையில், எங்கும் அவருக்கு இதே கதைதான். நான் இறங்கிப் போக வெளிக்கிட்டனான், என்ரை மனுசி விடேல்லை, அவ மானக்காரி. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். சீவரத்தினம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக ஆட்டினார்.

இரண்டு ஞாயிறு போன் வரவில்லை. புதுமாப்பிள்ளை, வேலை இருக்கும் என்றார் மாஸ்ரர், லைனும் சரியில்லைத்தானே. மூன்றாம் ஞாயிறு அவர் கோபுரக் கூட்டத்துக்குப் போயிருந்த நேரம் அடித்தது. கேதீஸ்வரி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்த கையைக் கழுவிவிட்டுத் தேசிமரத்தடிக்குப் போனாள். காற்று விழுந்திருந்தது. தென்னையில் அன்ரெனா அசையாமல் நின்றது. ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாம் நல்லூர்த் தேருக்குப் போயிருந்தார்கள், சிக்னலைப் பங்குக்குக் கேட்க ஆளில்லை. என்றைக்கும் இல்லாமல் படம் தெளிவாக வந்தது. காதோரத்து நரை தெரிந்தது. உதட்டுத் தழும்பு தெரிந்தது. கழுத்தில் புதுச் சங்கிலி தெரிந்தது.

"அம்மா, அப்பா இல்லையே?" என்றான்.

"இல்லை. கூட்டத்துக்குப் போயிட்டார்."

"ம்."

அவன் கண் திரையின் ஒரு ஓரத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. அங்கே மணிக்கூடு இருக்கும். எதைச் சொல்லி முடிப்பது என்று அவன் தேடுவது, ஐயரின் வேர்வை தெரிந்தது போல, அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது. சின்ன வயதில் பொய் சொல்ல முன்னம் இப்படித்தான் உதட்டைக் கடிப்பான்.

கேதீஸ்வரி பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவனுக்கு அந்தக் கஷ்டத்தையும் கொடுக்காமல் தானே சொன்னாள்.

"தம்பி, விட்டு விட்டு வருது. லைன் சரியில்லை. வை, அப்பன்."

"ஓமம்மா" என்றான் அவன், ஒரு எழுத்தும் உடையாமல். "இஞ்சையும் அப்பிடித்தான்."